முள் நிற்கும் வரை

பாளையங்கோட்டை அளவை நிலையத்தில் அன்று காலை ஒன்பதரை மணிக்குப் பன்னிரண்டு பிள்ளைகள் உள்ளே போனார்கள். பதினொரு பேர் மதியச் சாப்பாட்டுக்கு முன்பே முடித்து வீட்டுக்குப் போய்விட்டார்கள். நான்காம் அறையில் இருந்த பெண் மட்டும் மாலை நான்கு மணியாகியும் வெளியே வரவில்லை.

அவள் பெயர் முத்து ஜுலைஹா. காயல்பட்டினத்தில் ஒரு சிறிய பள்ளிவாசலில் பாங்கு சொல்லித் தொழுகைக்கு அழைக்கும் மோதினாருக்கு மகள். மருத்துவமோ பொறியியலோ வெறும் வரலாறோ, கல்லூரியில் எதைப் படிப்பதானாலும் அளவி என்ற இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்து எழுந்தாக வேண்டும் என்று சட்டம் வந்து ஒன்பது வருடமாகிறது. எல்லாருக்கும் ஒரே நாள், ஒரே கேள்வித்தாள் என்ற பழைய ஏற்பாடு போய்விட்டது. வருடத்தில் எந்த நாளும் வரலாம். கண்ணாடிச் சுவர் வைத்த தனியறை, ஒரு நாற்காலி, ஒரு திரை. அளவி ஒவ்வொன்றாகக் கேட்கும். பதிலைப் பார்த்து அடுத்த கேள்வியைத் தானே எடுக்கும். இந்தப் பிள்ளையின் அறிவு இவ்வளவு என்று அதற்கு நிச்சயமானதும் கேட்பதை நிறுத்தும். கதவு திறக்கும். பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஒன்றேகால் மணி நேரம் போதும்.

மேற்பார்வை மேசையில் டார்கஸ் டீச்சர் உட்கார்ந்திருந்தார். ஐம்பத்து மூன்று வயது. ஊரில் ஒரு பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். நான்கு மாதமாக வாரத்தில் மூன்று நாள் அவரை இந்த வேலைக்குப் போட்டிருந்தார்கள். மேசையில் பதித்த பலகையில் ஒவ்வோர் அறைக்கும் ஒரு முள் உண்டு. மற்ற பதினொன்றும் தூங்கிக்கொண்டிருக்க, நான்காம் முள் மட்டும் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது.

"ஆவுடையப்பன், என்னய்யா இது, இப்படி ஆடுது?"

ஆவுடையப்பன் நிலையம் திறந்த நாளிலிருந்து அங்கே இயந்திரம் பார்ப்பவர். தலை பாதி நரைத்தவர். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வந்து குனிந்து பார்த்தார்.

"நானும் மத்தியானத்துல இருந்து பாக்கேன் டீச்சர். தராசுல புளிய வச்சா முள்ளு ரெண்டு ஆட்டம் ஆடும், பெறவு நின்னுரும். இந்தப் பிள்ளைக்கு நிக்கவே மாட்டேங்கு. கஷ்டமான கேள்வியெல்லாம் பட்டு பட்டுன்னு போடுதா. சரி, மேல நிக்கப் போவுதுன்னு பாத்தா சின்னப் பிள்ளைக போடுற கேள்வியில போயி விழுதா. திரும்ப ஏறுதா, திரும்ப விழுதா. அளவி என்ன செய்யும்? அதுக்குக் கிறுக்குப் பிடிக்காத குறைதான்."

"எத்தனை கேள்வி ஆச்சு?"

"முந்நூத்திப் பதினாறு."

"இதுக்கு ஒரு உச்சவரம்பு கிடையாதா?"

"முன்ன இருந்துச்சு. தொண்ணூறு. யாரோ ஒரு தகப்பனாரு, எம் மவனுக்கு முள்ளு ஏறிக்கிட்டு இருக்கும்போதே நிப்பாட்டிட்டாங்கன்னு கேஸ் போட்டுட்டாரு. நிச்சயமாத் தெரியாம எந்தப் பிள்ளையையும் நிப்பாட்டப்பிடாதுன்னு தீர்ப்பாயிட்டு. நல்லதுக்குத்தான் சொன்னாங்க. அந்த நல்லதுதான் இப்ப அந்தப் பிள்ளைய உள்ள போட்டுப் பூட்டி வச்சிருக்கு."

"அவளே எந்திரிச்சு வந்துட்டா?"

"மூணு வருசத்துக்கு அளவி பக்கமே வர முடியாது. மூணு வருசம் கழிச்சு எந்த வீட்டுல டீச்சர் பொம்பளப் பிள்ளையப் படிக்க அனுப்புவாவ? அதுக்குள்ள கல்யாணமாகி இடுப்புல ஒண்ணு இருக்கும்."

டார்கஸ் டீச்சர் எழுந்து வாசலுக்குப் போனார். கேட்டுக்கு வெளியே வேப்பமர நிழலில் ஜுலைஹாவின் தகப்பனார் நின்றிருந்தார். மெலிந்த மனிதர். வெள்ளைச் சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது. காலையிலிருந்து அவர் உட்கார்ந்து டீச்சர் பார்க்கவில்லை.

"பாவா, உள்ள வந்து பெஞ்சுல உட்காருங்க."

"இருக்கட்டும் டீச்சரம்மா. பிள்ளை நல்லா இருக்காளா?"

"நல்லா இருக்கா. இன்னும் முடியல, அவ்வளவுதான்."

"அஸர் தொழுகைக்கு வந்துருவோம்னு ஜமாஅத்துல சொல்லிட்டு வந்தேன். இப்ப வேற ஆளைப் பாங்கு சொல்லச் சொல்லிட்டேன்." சற்றுத் தயங்கிவிட்டுக் கேட்டார். "அவ தப்பா ஒண்ணும் செஞ்சுரலையே?"

"இல்ல பாவா. அப்படி ஒண்ணும் இல்ல."

அப்படிச் சொல்லிவிட்டுத் திரும்பினாரே தவிர, என்ன நடக்கிறது என்று அவருக்கும் தெரியாது.

இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை மேற்பார்வையாளர் கதவைத் திறந்து தண்ணீர் கொடுக்கலாம், கழிப்பறைக்கு அழைத்துப் போகலாம். பத்து நிமிடம் அளவி காத்திருக்கும். காலையில் முதல் தடவை தண்ணீர் நீட்டியபோதே ஜுலைஹா தலையசைத்து, "நோன்பு டீச்சர்" என்று சொல்லியிருந்தாள். அதற்குப் பிறகு டார்கஸ் டீச்சருக்கும் தன் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கக் கை வரவில்லை. பசிக்கிற பிள்ளை கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்க, இந்தப் பக்கம் உட்கார்ந்து புளிசாதம் சாப்பிடுவது எப்படி?

நாலரைக்கு மறுபடி கதவைத் திறந்தார். ஜுலைஹா நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தாள். உதடு காய்ந்து வெடித்திருந்தது. கழிப்பறை நீண்ட நடைவழியின் கடைசியில் இருந்தது. பாதி தூரம் போனதும் ஜுலைஹா கேட்டாள்.

"டீச்சர், ஒண்ணு கேக்கலாமா?"

"கேள்வியப் பத்தின்னா கேக்கக் கூடாதும்மா."

"கேள்வியப் பத்தி இல்ல. என்னையப் பத்தி."

டார்கஸ் டீச்சர் நடையைத் தளர்த்தினார்.

"காலைல உட்காரும்போது வாயால ஒண்ணு வாசிச்சேன்ல. 'இக்கேள்விகளில் எதையும் முன்பு அறியேன், இது சத்தியம்'னு. அப்ப அது உண்மைன்னுதான் நெனச்சேன். கூட்டாளி ஒருத்தி ஒரு நோட்டு தந்தா. பழகிப் பாக்க மாதிரிக் கேள்வின்னு நெனச்சு ஒண்ணு விடாமப் போட்டுப் பாத்தேன். உள்ள போனா அதே கேள்வி வருது டீச்சர். ஒரு எழுத்து மாறல."

"அதுக்கு?"

"சத்தியம் பண்ணிட்டேன்ல. அதான், அந்தக் கேள்வி வந்தா வேணும்னே தப்பானதத் தொட்டுருவேன். அதுல எனக்கு லாபம் வேணாம். புதுசா வர்றத மட்டும் சரியாப் போடுறேன். ஆனா முடியவே மாட்டேங்குது. தப்பாப் போட்டா லேசான கேள்வியாத் தருது. லேசானதெல்லாம் அந்த நோட்டுலதான் நிறைய இருக்கு."

"முன்பு கண்டதுன்னு ஒரு பொத்தான் இருக்குமே."

"தொட்டுப் பாத்தேன். யாரு தந்தான்னு கேக்குது. பேரு போடாம விடாது. அவ எனக்கு நல்லதுதானே நெனச்சா? அவள எப்படி மாட்டி விட?"

உண்மையும் சொல்ல முடியாமல் பொய்யும் சொல்ல முடியாமல் இந்தக் குழந்தை முந்நூறு கேள்விகளாக நடுவில் நின்றுகொண்டிருக்கிறது என்று டார்கஸ் டீச்சருக்கு அப்போதுதான் விளங்கியது. முள்ளை ஆட வைத்தது அறிவுக் குறைவல்ல. அளவியைச் செய்தவர்கள் இப்படி ஒரு பிள்ளை வரும் என்று நினைக்கவில்லை.

"என்ன நோட்டும்மா அது? கோச்சிங் சென்டர்ல விக்கிறதா?"

"இல்ல டீச்சர், காசு கிடையாது. கையெழுத்து ஜெராக்ஸ். முதல் பக்கத்துல உங்க ஆளுங்க ஜெபம் ஒண்ணு இருக்கும். 'கர்த்தாவே, இதைப் படிக்கிற பிள்ளைக்கு நல்ல ஞாபகத்தைத் தாரும்'னு. எனக்கு அதப் பாத்ததும் பிடிச்சுப் போச்சு. யாரோ நல்லவங்கதான் எழுதியிருக்காங்கன்னு."

டார்கஸ் டீச்சர் நின்றுவிட்டார். சுவரில் கை வைத்துக்கொண்டார்.

அந்த ஜெபத்தை எழுதியது அவர்தான்.

அளவை முடித்து வெளியே வரும் பிள்ளைகளை மடக்க, கேட்டுக்கு எதிரிலேயே கோச்சிங் சென்டர்காரர்கள் பந்தல் போட்டு உட்கார்ந்திருப்பார்கள். சாத்துக்குடி ஜூஸ் ஒன்றைக் கையில் கொடுத்து, ஞாபகம் இருக்கிற கேள்விகளைச் சொல்லச் சொல்வார்கள். ஆயிரம் பிள்ளைகள் ஆளுக்கு நாலு கேள்வி சொன்னால் ஒரு புத்தகமாகிவிடும். அது பெரிய விலைக்குப் போகும். வாங்க முடியாத பிள்ளைகள் என்ன செய்வார்கள் என்று இரண்டு வருடத்துக்கு முன் டார்கஸ் டீச்சருக்கு மனம் கேட்கவில்லை. சர்ச்சின் ஞாயிறு பள்ளி அறையில், எழுதிவிட்டு வந்த தன் பள்ளிப் பெண்களை உட்கார வைத்து, காப்பியும் முறுக்கும் கொடுத்து, அவர்கள் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார். அடுத்துப் போகிறவளுக்கு இலவசமாகக் கொடுத்தார். அதைத் தர்மம் என்றே நினைத்தார். மேற்பார்வைக்கு உத்தரவு வந்த அன்று நோட்டை மூடிப் பீரோவில் வைத்தார். அதற்குள் அது எத்தனையோ ஜெராக்ஸ் கடைகளைப் பார்த்திருந்தது.

அந்த உறுதிமொழியை இந்த நான்கு மாதத்தில் அவர் முன்னால் எத்தனை பிள்ளைகள் வாசித்திருப்பார்கள்? ஒரு பிள்ளைகூட அதை நம்பி வாசிக்கும் என்று அவருக்குத் தோன்றியதில்லை.

பயம் வந்தால் மனிதன் முதலில் தன்னைத்தான் காப்பாற்றிக்கொள்கிறான். அவரும் அதைத்தான் செய்தார்.

"இங்க பாரும்மா," என்றார் தாழ்ந்த குரலில். "தெரிஞ்ச கேள்வி வந்தா தெரிஞ்ச பதிலப் போட்டுரு. அது தப்பில்ல. எல்லாப் பிள்ளையும் அப்படித்தான் போடுது. அரை மணியில முள்ளு நின்னுரும். வாப்பாவோட வீட்டுக்குப் போயி நோன்பு திறக்கலாம்."

ஜுலைஹா அவரை நிமிர்ந்து பார்த்தாள். கோபம் இல்லாத பார்வை. சோர்வுதான் இருந்தது.

"என் இடத்துல நீங்க இருந்தா போடுவீங்களா டீச்சர்?"

கழிப்பறைக் கதவு வந்துவிட்டது. டார்கஸ் டீச்சர் அதைத் தள்ளித் திறந்துவிட்டார்.

அவளை அறையில் விட்டுவிட்டு மேசைக்குத் திரும்பினார். ஆவுடையப்பனிடம் கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு எல்லாவற்றையும் சொன்னார். சொல்லி முடித்ததும் கேட்டார்.

"இதுக்கு ஒரு வழி சொல்லுய்யா. அந்தக் கேள்விகள மட்டும் அவ கணக்குல இருந்து எடுத்துட்டா?"

"எடுத்துட்டா உடனே நின்னுரும்." ஆவுடையப்பன் முகம் ஒரு மாதிரியாகிவிட்டிருந்தது. "கசிவு அறிக்கைன்னு ஒண்ணு இருக்கு. மேற்பார்வையாளருதான் போடணும். எந்தெந்தக் கேள்வி, எப்படி வெளிய போச்சு, யாரு கொண்டு போனது, கையெழுத்து. யாருன்னு எழுதாம ஏத்துக்கிடாது."

"எழுதினா என்னாகும்?"

"உங்களுக்கா? இந்த வேலை மட்டுமில்ல, ஸ்கூல் வேலையும் போயிரும். பென்ஷனும் சொல்ல முடியாது." பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "அது மட்டுமில்ல. அந்தக் கேள்விய எல்லாப் பிள்ளைக கணக்குல இருந்தும் எடுக்கும். இந்த வருசம் முடிச்ச அத்தனை பேரு அளவையும் திரும்பப் பாக்கும். செலருக்கு ஏறும். செலருக்கு இறங்கும்."

"என் ஸ்கூல் பிள்ளைகளே ஏழு பேரு இருக்கு."

"எம் மவனும் இருக்கான் டீச்சர்."

டார்கஸ் டீச்சர் நிமிர்ந்தார்.

"சுப்பையா. அவனும் அந்த நோட்டத்தான் படிச்சான். ஜெபம் போட்ட நோட்டு. உங்க எழுத்துன்னு எனக்கு இப்பத்தான் தெரியும். கோயம்புத்தூர்ல சீட்டு கெடச்சு கார்டு வந்துட்டு. அவங்கம்மை அத சாமி படத்துக்குப் பக்கத்துல வச்சிருக்கா." கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார். "விட்டுருங்க டீச்சர். உங்க கையக் காலா நெனச்சுக் கேக்கேன். அந்தப் பிள்ளை சின்னது. இன்னும் ஒரு மணி நேரம், ரெண்டு மணி நேரம். அசந்துட்டா தானா எந்திரிச்சுப் போயிரும். யாரும் யாரையும் ஒண்ணும் செய்யல."

அவர் சொன்னதில் ஒரு சொல்கூடக் கொடுமைக்காகச் சொன்னதல்ல. பிள்ளை பெற்றவர் பேசுகிறார். டார்கஸ் டீச்சருக்கும் அது இனிப்பாகவே காதில் விழுந்தது. சும்மா இருந்தால் போதும். எதையும் செய்ய வேண்டாம். கண்ணாடிக்கு உள்ளே இருப்பவள் தானாக எழுந்து போய்விடுவாள். ஏழு பிள்ளைகள் பிழைப்பார்கள், சுப்பையா பிழைப்பான், தானும் பிழைக்கலாம். ஒருத்திதானே.

கண்ணை மூடி ஜெபம் பண்ணப் பார்த்தார். வார்த்தை வரவில்லை. வாய் திறந்தால் அந்த நோட்டின் முதல் வரிதான் வந்தது.

பலகையில் முள் ஏறியது, விழுந்தது. முந்நூற்று நாற்பது. நானூற்றுப் பதினொன்று.

ஆறரை மணிக்கு ஊரில் எங்கோ பாங்கு கேட்டது. அறைக்குள் அது கேட்காது. கண்ணாடி அவ்வளவு தடிப்பு. உணவு எதுவும் உள்ளே போகக் கூடாது என்பது விதி. டார்கஸ் டீச்சர் கண்ணாடிப் புட்டியில் தண்ணீர் நிரப்பிக்கொண்டு போய்க் கதவைத் திறந்தார்.

"நேரமாயிட்டும்மா. பாங்கு சொல்லிட்டாங்க."

ஜுலைஹா புட்டியை இரண்டு கையாலும் வாங்கினாள். உடனே குடிக்கவில்லை. கண்ணை மூடி உதட்டுக்குள் எதையோ சொன்னாள். பிறகு மூன்று மிடறு குடித்துவிட்டுப் புட்டியை மடியில் வைத்துக்கொண்டாள்.

"வாப்பாவும் தண்ணி குடிச்சிருப்பாங்களா?"

"இப்பப் போய்க் கொடுக்கேன்."

"நோன்பு திறக்குற நேரத்துல கேக்குற துஆவ அல்லாஹ் தட்டமாட்டான்னு வாப்பா சொல்வாங்க." லேசாகச் சிரித்தாள். காய்ந்த உதடு வலித்திருக்க வேண்டும், சிரிப்பு பாதியில் நின்றது. "வாப்பாவுக்குக் கேட்டேன். உங்களுக்கும் கேட்டேன் டீச்சர்."

"எனக்கா? எனக்கு என்னன்னும்மா கேட்டே?"

"காலைல இருந்து நீங்களும் ஒண்ணும் சாப்பிடலல்ல. கண்ணாடி வழியாத் தெரியும். உங்களுக்கு ஒரு கஷ்டமும் வந்துடக் கூடாதுன்னு கேட்டேன்."

டார்கஸ் டீச்சர் கதவைச் சாத்தவில்லை. ஜுலைஹாவின் முக்காட்டின் மேல் கை வைத்தார்.

"நீ இனிமே ஒரு கேள்விக்கும் பதில் சொல்லாத. அப்படியே சாஞ்சு உட்காரு. இந்தா வந்துட்டேன்."

வாசலில் தகப்பனாருக்கு ஒரு புட்டி தண்ணீரைக் கொடுத்துவிட்டு மேசைக்கு வந்து உட்கார்ந்தார். ஆவுடையப்பன் அவர் முகத்தைப் பார்த்ததும் எழுந்து நின்றுகொண்டார்.

"டீச்சர்."

"தெரியும்யா. சுப்பையா நல்ல பிள்ளை. அவன் அளவு இறங்குச்சுன்னா, திரும்ப எழுதுற வரைக்கும் நானே உட்கார்ந்து சொல்லிக் கொடுக்கேன். இனி எனக்கு வேலையும் இருக்காது, நேரம் நிறைய இருக்கும்." "உன் பிள்ளைக்காக இன்னொருத்தர் பிள்ளைய உள்ள வச்சுப் பூட்ட முடியாதுய்யா. என் பிள்ளையா இருந்தாலும் முடியாது."

ஆவுடையப்பன் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். பிறகு பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"சொல்லுங்க. நம்பரப் பாத்துப் பாத்துப் போடணும். ஒண்ணு தப்பினாலும் ஏத்துக்கிடாது."

ஜுலைஹாவுக்கு வந்த கேள்விகளை ஒவ்வொன்றாகத் திரையில் வரவழைத்தார்கள். டார்கஸ் டீச்சருக்கு நோட்டு தேவைப்படவில்லை. பனைமர நிழல் கேள்வியைச் சொன்னவள் ஜெயசீலி. நிழல் பன்னிரண்டடியா பதினைந்தடியா என்று மறந்துபோய் அழுதாள். தண்ணீர்த் தொட்டியில் இரண்டு குழாய் என்பது ராஜாத்தி சொன்னது. ஒவ்வொரு கேள்விக்கும் பின்னால் ஒரு முகம் இருந்தது, ஒரு தம்ளர் காப்பி இருந்தது. எந்த முகத்தையும் அவர் எழுதவில்லை. யார் கொண்டு போனது என்ற இடத்தில் எழுபத்து நான்கு தடவை ஒரே பெயரைத்தான் எழுதினார்.

கடைசி எண்ணையும் போட்டுக் கையெழுத்துக்குப் பதிலாகக் கட்டைவிரலை வைத்ததும் பலகையில் நான்காம் முள் ஒரு முறை துள்ளியது. நேரே மேலே போய் நின்றது. அப்படியே நின்றது. ஒன்பது வருடத்தில் அவ்வளவு உயரத்தில் ஒரு முள் நின்று தான் பார்த்ததில்லை என்று ஆவுடையப்பன் முணுமுணுத்தார். கதவு திறந்துகொண்டது.

ஜுலைஹா வெளியே வந்து வெளிச்சத்தில் கண்ணைக் கசக்கினாள். தகப்பனார் உள்ளே ஓடி வந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டார். டார்கஸ் டீச்சர் அவர்கள் முன்னால் போய் நின்றார்.

"அந்த நோட்ட எழுதினது நான்தாம்மா. அந்த ஜெபமும் நான் எழுதினதுதான். இன்னைக்கு நீ பட்ட பாட்டுக்கு நான்தான் காரணம். அது தெரிஞ்சும் சாயங்காலம் உன்கிட்டத் தப்பா ஒண்ணு சொன்னேன். ரெண்டுக்கும் என்னை மன்னிச்சுரு."

ஜுலைஹா வாப்பாவைப் பார்த்தாள், பிறகு டீச்சரைப் பார்த்தாள். அவள் வாய் திறக்கும் முன்பே மேசையிலிருந்து ஆவுடையப்பன் கூப்பிட்டார்.

"டீச்சர், இங்க இன்னொரு வரி வருது."

அறிக்கை தற்காலிகமாகத்தான் ஏற்கப்பட்டிருந்தது. அறிக்கை தந்தவர் சொல்வது மெய்தானா என்று அளவிக்கு நிச்சயமாக வேண்டும். பொறாமைக்காரர்கள் யாரும் பொய்யாக அறிக்கை கொடுத்து மற்றவர் அளவைக் கெடுத்துவிடக் கூடாதே என்று அந்த விதியையும் யாரோ நல்ல எண்ணத்தில் போட்டிருந்தார்கள். அதனால் அறிக்கை தந்தவர் உடனே அறைக்குள் போய் உட்கார வேண்டும். பழைய கேள்விகளோடு புதியவற்றையும் கலந்து அளவி கேட்கும். எது அவர் கைப்பட வெளியே போனது, எது போகாதது என்று அதற்குத் தெளிவாகும் வரை கேட்கும்.

"நடுவுல எந்திரிச்சா?" என்று கேட்டார் டார்கஸ் டீச்சர்.

"அறிக்கை ரத்தாயிரும். இந்தப் பிள்ளை அளவும் விழுந்துரும்."

"எவ்வளவு நேரமாகும்?"

ஆவுடையப்பன் அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "முள்ளு நிக்கிற வரைக்கும்."

டார்கஸ் டீச்சர் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்தார். கைப்பையையும் வைத்தார். உள்ளே எதுவும் கொண்டு போகக் கூடாது. நான்காம் அறையின் நாற்காலியில் இன்னும் சூடு இருந்தது. கதவு சத்தமில்லாமல் மூடிக்கொண்டது. அதுவரை அவர் அதை வெளியே நின்றுதான் பார்த்திருந்தார். உள்ளே இருப்பவருக்குக் கண்ணாடி வழியே மேசையைத் தவிர எதுவும் தெரியாது என்பதும், தன் மூச்சே தனக்குப் பெரிதாகக் கேட்கும் என்பதும் இப்போதுதான் தெரிந்தது. பதினேழு வயதில் ஒரு பெண் ஒன்பது மணி நேரம் இதற்குள் இருந்திருக்கிறாள்.

முதல் கேள்வி வந்தது. அவர் எழுதியது. இரண்டாவது, அவர் பார்க்காதது. மூன்றாவது பார்த்தது போலவும் இருந்தது, பார்க்காதது போலவும் இருந்தது. இருபது வருடம் கணக்குச் சொல்லிக் கொடுத்தவருக்கு எல்லாக் கேள்வியும் எங்கோ பார்த்ததுபோலத்தான் இருக்கும். யோசித்து, நினைவைத் தோண்டி, தன் நோட்டில் உண்டு, இல்லை என்று ஒவ்வொன்றாகத் தொட்டார். தவறாகத் தொட்டால் அந்தப் பிள்ளையின் அளவு விழும். நாற்பது, ஐம்பது என்று போனது. எண்பதுக்குப் பிறகு எண்ணுவதை விட்டுவிட்டார்.

கதவு திறந்தபோது அது தண்ணீர் நேரம் என்று புரிந்துகொள்ளவே அவருக்குச் சற்று நேரமானது. ஆவுடையப்பன் புட்டியோடு நின்றார். மேற்பார்வை இப்போது அவர் கையில்.

"முள்ளு எப்படிய்யா இருக்கு?"

"சொல்லக் கூடாது டீச்சர்." தண்ணீரைக் கையில் கொடுத்துவிட்டும் போகாமல் நின்றார். "பாவாவும் பிள்ளையும் இன்னும் போகல."

"போகலையா? கடைசி பஸ் போயிருமே."

"நானும் சொல்லிட்டேன். பக்கத்துப் பள்ளிவாசல்ல போயி நோன்புக் கஞ்சி வாங்கிட்டு வந்து பெஞ்சுல வச்சிருக்காவ. மூணு தூக்குல. குடிங்க, ஆறிருமேன்னேன். அந்தப் பிள்ளை கேக்க மாட்டேங்கு. டீச்சரும் சாப்பிடல, வந்ததும் சேந்து குடிச்சுக்கிடுதோம், ஆறட்டும்னுட்டு."

டார்கஸ் டீச்சர் தண்ணீரைக் குடித்தார். புட்டியைத் திருப்பிக் கொடுத்தார். கதவு மூடிக்கொண்டதும் கண்ணைத் துடைத்துவிட்டு அடுத்த கேள்வியை வாசிக்கத் தொடங்கினார்.